அண்ணன் விழுந்தபோது கைதட்டினார்கள்

எங்கள் நாடக விழா ஒரு கைவிட்ட கல்குவாரியில்தான் தொடங்கியது. அண்ணன் லாரி டிரைவர். சாகசக் கதை என்றால் அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம். "கூரை போட்ட அரங்குல கப்பலை எப்படிடி கவுக்கறது?" என்று என்னிடம் கேட்டுவிட்டு, குவாரிக்குள் மேடை கட்டினான். முதல் வருடம் பார்க்க வந்தவர்களைவிட நடித்தவர்கள் அதிகம். அப்புறம் குதிரை வந்தது, வெடி வந்தது, பாறை உச்சியிலிருந்து கயிற்றில் பாய்வது வந்தது. கோடை வந்தால் ஊரே அங்கேதான்.

அந்தக் கோடையில் நான்தான் கொள்ளையர் தலைவன். குழுவிலேயே பெரிய தொண்டை எனக்கு. தாடி, மீசை, ஒற்றைக்கண் கட்டு. கதாநாயகன் அண்ணன். கயிற்றில் பறந்து வந்து கப்பல் தளத்தில் என் எதிரே குதிக்க வேண்டும். "வாடா, உனக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன்" என்று நான் உறும வேண்டும்.

பறந்தான். பாதி வழியில் கொக்கி கழன்றது. மேடைக்கு முன்னால் கல்தரையில் விழுந்தான்.

கைதட்டினார்கள். குவாரிச் சுவரெல்லாம் அதிர்ந்தது. ஒரே விசில்.

கதையில் அவன் விழுகிற இடமே கிடையாது. அது எங்களுக்குத் தெரியும், அவர்களுக்கு எப்படித் தெரியும்? முன்வரிசையில் அண்ணி, மடியில் பிள்ளை. அவளும் சிரித்துக்கொண்டே தட்டிக்கொண்டிருந்தாள்.

"நிறுத்துங்க! எங்கண்ணனுக்கு அடிபட்டிருச்சு!" என்று கத்தினேன். சிரித்தார்கள். கொள்ளையர் தலைவன் "அண்ணன்" என்று அழுதால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? "டாக்டர் யாராச்சும் இருக்கீங்களா?" என்றேன். அதற்கும் விசில்.

யோசித்துச் செய்யவில்லை. தாடியைப் பிடித்து இழுத்தேன். பசையோடு தோலும் பிய்ந்து வந்தது. கண்கட்டு, விக், எல்லாவற்றையும் வீசியெறிந்தேன். ரத்தம் வழிய என் சொந்த முகத்தோடு நின்றேன். சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. தட்டப்போன அண்ணியின் கைகள் அப்படியே காற்றில் நின்றன. பிறகு பிள்ளையைப் பக்கத்து ஆள் மடியில் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"யாரும் அவரைத் தூக்காதீங்க!" என்று கத்திக்கொண்டே ஒரு நர்ஸ் கூட்டத்தைப் பிளந்து வந்தார். அவர்தான் ஆம்புலன்ஸ் வரும்வரை அண்ணன் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பிழைத்துவிட்டான். இடுப்பெலும்பு நொறுங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி: "நல்லா கை தட்டினாங்கல்ல?"

அண்ணி எழுந்து வெளியே போனாள்.

அடுத்த கோடையில் விழா இல்லை. அதற்கடுத்த கோடையில் அண்ணன் ஊன்றுகோலோடு வந்து நின்று பிடிவாதம் பிடித்தான். கயிற்றுப் பாய்ச்சலை எடுத்துவிட்டோம். அண்ணியும் ஒரு நிபந்தனை போட்டாள். மேடையில் சிவப்புக் கொடி ஏறினால் அது நாடகம் இல்லை என்று ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் சொல்ல வேண்டும். வேறு யாரையும் அவள் நம்புவதில்லை. மைக்கை வாங்கி, தானே இரண்டு தடவை சொல்கிறாள்.

சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவாள். ஆட்டம் முடியும்வரை உள்ளே வரமாட்டாள்.