பன்னிரண்டு மணிக்குள் திறக்க வேண்டிய பக்கம்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு, டோங்காவின் தலைநகர் நுகுஅலோபாவில் தன் மாமாவின் கடைக்குள் அகனேசி கால் வைத்தபோது தொலைபேசி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. வடக்கே ஹாபாய்த் தீவொன்றிலிருந்து வாடிக்கையாளர் தோமாசி.

"அகனேசி, உங்க கடைப் பக்கம் திறக்கவே மாட்டேங்குது! சர்ச் படி உச்சியில நின்னாத்தான் இங்க ஒரு கோடு சிக்னல். அரை மணி நேரமா நிக்கிறேன். வெள்ளையாவே இருக்கு, அப்புறம் அணைஞ்சு போகுது."

"என்ன வேணும், சொல்லுங்கண்ணே."

"தார்ப்பாய் நாலு, தண்ணி டிரம் ரெண்..." இணைப்பு அறுந்தது.

ஞாயிறன்று புயல் தீவுகளைத் தாண்டும் என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்தது. சனி இரவுக்குள் நுகுஅலோபாவுக்குத் திரும்பியாக வேண்டும் என்பதால், கடைசிக் கப்பல் இன்று இரண்டு மணிக்கே கிளம்புகிறது. பெட்டிகளைப் பன்னிரண்டுக்குள் துறையில் ஒப்படைக்க வேண்டும். ரசீது எண் இல்லாத பெட்டியைக் கப்பல்காரர்கள் தொடமாட்டார்கள். அந்த எண்ணோ, இணையப் பக்கத்தில் பணம் கட்டினால்தான் வரும்.

கணினியைத் திறந்து கணக்கைப் பார்த்தாள். விடிந்ததிலிருந்து கடைப் பக்கத்துக்கு இருநூறு பேருக்கு மேல் வந்திருந்தார்கள். வாங்கியவர்கள் பதினோரு பேர். மற்றவர்கள் பக்கம் திறக்கும் முன்பே போய்விட்டார்கள்.

தன் கைபேசியை இருப்பதிலேயே மெதுவான இணைப்புக்கு மாற்றிக்கொண்டு தெருவில் நின்று, பக்கம் திறக்க எத்தனை விநாடி ஆகிறதென்று எண்ணினாள். ஐம்பத்திரண்டு விநாடி. தார்ப்பாய், டிரம் படங்களையெல்லாம் கேமராவில் எடுத்தபடியே போட்டிருந்தார்கள். உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சுருக்கினாள். மறுபடி எண்ணியபோது முப்பத்தொன்பது. மணி பத்தே முக்கால்.

மிச்சச் சுமை எது என்று அவளுக்குத் தெரியும். பக்கத்தின் உச்சியில் தானாக ஓடும் வீடியோ. கடைத் திறப்பு விழாவில் மாமாவின் மனைவி விகா அத்தை நாடாவை வெட்டிவிட்டு, கத்தரிக்கோலை எங்கே வைப்பதென்று தெரியாமல் சிரிக்கிற வீடியோ. அத்தை இறந்து ஏழு மாதம். முகப்பை மாற்றும் கடவுச்சொல் செமிசி மாமாவிடம் மட்டும் இருந்தது.

கிடங்கில் செமிசி டிரம்களை உருட்டிக்கொண்டிருந்தார். கறுப்பு உடை, இடுப்பில் துக்கத்துக்குச் சுற்றிக் கட்டும் பாய்.

"மாமா, முகப்போட கடவுச்சொல் வேணும். வீடியோவை எடுக்கணும்."

"அது உன் அத்தைடி."

"தெரியும் மாமா."

"தெரிஞ்சுமா கேக்குற? படிச்சவதானே, வேற வழி பாரு. படத்தைச் சுருக்கு."

"சுருக்கிட்டேன். பத்தல. சர்ச் படியில நிக்கிறவனுக்கு அத்தை முகம் வர்றதுக்குள்ள சிக்னல் போயிடுது. அவன் அத்தையையும் பாக்கல, தார்ப்பாயையும் பாக்கல."

"முடியாதுன்னா முடியாது. போய் வேலையப் பாரு." முதுகைத் திருப்பிக்கொண்டார்.

அகனேசி நகரவில்லை. டோங்காவில் அக்காள் பிள்ளை கேட்டால் தாய்மாமன் மறுக்கக்கூடாது. மற்றவர்கள் மாமன் வீட்டுப் பன்றியையே ஓட்டிக்கொண்டு போவார்கள். இவள் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவள் என்பதால் ஒரு தேங்காய்கூடக் கேட்டதில்லை.

"மாமா, பொறந்ததுலேருந்து உங்ககிட்ட உரிமையா ஒண்ணும் எடுத்ததில்ல. இப்போ அக்கா மகளா கேக்குறேன். குடுங்க."

அவர் கையிலிருந்த டிரம்மை நிமிர்த்தி வைத்தார். பிறகு அட்டைத் துண்டொன்றைக் கிழித்து எழுதினார். "வெக்கங்கெட்டவளே," என்றார். குரல் உடைந்திருந்தது. "அந்த வீடியோவை எங்கயாவது பத்திரமா வைடி."

வீடியோவைத் தனியே எடுத்துவைத்துவிட்டு முகப்பை உரித்தாள். நகரும் வரைபடம், அலங்கார எழுத்து, வணக்கம் சொல்லும் பெட்டி எல்லாம் போயின. பொருளின் பெயர், விலை, வாங்கும் பொத்தான். அவ்வளவுதான். தெருவுக்கு ஓடி எண்ணினாள். ஆறு விநாடி. மணி பதினொன்று பத்து.

தொலைபேசி சட்டென ஓய்ந்தது. அந்த அமைதி அவளைப் பயமுறுத்தியது. எதையாவது உடைத்துவிட்டேனா? பிறகு ஒருவர் பணம் கட்டியதைச் சொல்லிக் கணினி ஒரு முறை மணியடித்தது. இன்னொரு முறை. அதன்பின் மூச்சுவிடவில்லை. கிடங்கிலிருந்து செமிசி கத்தினார்: "மெதுவாடி! எனக்கு ரெண்டு கைதான்!"

பன்னிரண்டுக்குள் எண்பத்தாறு பெட்டிகள் துறைக்குப் போயின. தோமாசியின் பெயர் மட்டும் வரவில்லை. அவள் பக்கத்தை மூட மனமில்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். பன்னிரண்டு மணி ஆறு நிமிடத்துக்கு வந்தது: தார்ப்பாய் நாலு, டிரம் இரண்டு, பணம் கட்டியாயிற்று.

"மாமா, நேரம் தாண்டிருச்சு..."

"பாத்துக்கிட்டு நிக்காத, வண்டியில ஏத்து."

துறையில் எழுத்தர் கையை விரித்தார். "பன்னிரண்டோட முடிஞ்சுது, செமிசி."

"கப்பல் ரெண்டு மணிக்குத்தானேய்யா? புயல் என்ன, உன் கடிகாரத்தைக் கேட்டுக்கிட்டா வருது?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எழுத்தருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தார்ப்பாய் நான்கும் ஏறின. டிரம்மில் ஒன்றுக்குத்தான் இடமிருந்தது.

புயல் சொன்னபடி வந்தது. மூன்று நாள் வடக்கிலிருந்து ஒரு குரலும் இல்லை. புதன்கிழமை மதியம் தொலைபேசி அடித்தது.

"அகனேசியா? கூரை போச்சு. நாலு தார்ப்பாய்க்கு அடியில பதினோரு பேர் கெடக்குறோம். பணத்தை வாங்கிட்டு ஒரு டிரம்தான் அனுப்புவீங்களா? இதான் உங்க வியாபாரமா?"

தோமாசி திட்டிக்கொண்டே போனார். பின்னால் பிள்ளைகள் கூச்சலிடுவது கேட்டது; எல்லாரும் உயிரோடு இருந்தார்கள். குறுக்கே பேசினால் இணைப்பு அறுந்துவிடுமோ என்று பயந்தவள்போல், அகனேசி வாயைப் பொத்திக்கொண்டு கேட்டபடி நின்றாள்.