பின்வரிசை

"சார், நீங்க இன்னா அங்கயே நின்னுகினு கீறீங்க? பெரியவருக்குத் தம்பியாமே, பெட்டியாண்ட வாங்க" என்றான் போட்டோ எடுக்க வந்த ஏகநாதன், கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை நீட்டி.

கேட்டருகே நின்ற ஜெபசீலன் காதில் விழாததுபோல் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். சவப்பெட்டிக்குள் அண்ணன் அசரியா கோட்டும் டையுமாக, வகுப்புக்குக் கிளம்பியவர்போல் கிடந்தார்.

அசரியா கல்லூரியில் அரசியல் பேராசிரியர். முப்பது வருஷம் சோவியத் அரசியலையே கட்டிக்கொண்டு அழுதவர். அதற்காகவே ரஷ்ய மொழியையும் தானாகக் கற்றுக்கொண்டார். கட்சிக்காரர்கள் அவரை அமெரிக்காவின் ஆள் என்றார்கள். போலீஸ்காரர்கள் ரஷ்யாவின் ஆள் என்றார்கள். மனுஷன் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போய், வரும் வழியில் மீன் வாங்கி வருகிற தாம்பரத்து ஆள்.

சீனச் சண்டைக்கு அடுத்த வருஷம் ஜெபசீலனின் ஆபீசுக்கு ஓர் அதிகாரி வந்தார். "ரஷ்யப் பத்திரிகையா வரவழைக்கிறாரே, அவர் உங்க அண்ணனா?"

சென்ட்ரல் கவர்ன்மெண்ட் வேலை. அது போய்விடுமோ என்று ஜெபசீலன் பயந்தார். "அண்ணன்தான் சார். ஆனா பேச்சுவார்த்தையே கிடையாது" என்றார். முந்தின நாள்தான் அண்ணன் வீட்டில் சாப்பிட்டிருந்தார். பிறகு அந்தப் பொய்யை நிஜமாக்கிவிட்டார். பம்மலிலிருந்து பஸ் ஏறினால் அண்ணன் வீடு. ஒன்பது வருஷம் ஏறவில்லை. அண்ணன் மகள் கல்யாணத்துக்கு மட்டும் தலைகாட்டினார். போட்டோ எடுக்கும் நேரம் பார்த்துக் கை கழுவப் போய்விட்டார்.

மெட்டில்டா அண்ணி நாற்காலியிலிருந்து எழுந்து அவரிடம் வந்தார்.

"அண்ணி, நான் வந்திருக்கணும். அன்னிக்கு ஆபீஸ்ல..."

"அவருக்குத் தெரியும் தம்பி. கல்யாண ஆல்பம் வந்த அன்னிக்கே சொல்லிட்டாரு. மாஸ்கோ தலைவருங்க போட்டோவுல யாரு நிக்கலைன்னு பார்த்தே அங்க என்ன நடக்குதுன்னு சொல்றவராச்சே. 'ஜெபம் இதுல இல்ல. யாரோ அவனை மிரட்டியிருக்காங்க. பிள்ளைகுட்டிக்காரன், பாவம். நீ கோவிச்சுக்காத'ன்னாரு. எங்களையும் உங்க வீட்டுப் பக்கம் விடல. உங்க வேலைக்கு ஆபத்து வந்துடும்னு."

யாராவது கன்னத்தில் அறைந்தால் தேவலை என்றிருந்தது ஜெபசீலனுக்கு. அண்ணன் தன்னைத் திட்டிக்கொண்டிருப்பார் என்று நினைத்து நினைத்துத்தான் இத்தனை வருஷமும் மனசைத் தேற்றி வந்தார்.

"வெளிச்சம் போய்கினு கீது சார்!"

அண்ணி நாற்காலிக்குத் திரும்பினார். ஜெபசீலனும் நடந்தார். எங்கே போய் நிற்கிறோம் என்று கவனிக்கவில்லை.

"பின்னால நிக்கிற சார், மொகம் மறையுது. இப்டி முன்னால வாங்க."

அப்போதுதான் உறைத்தது. அண்ணனின் ஆறடி மருமகனுக்குப் பின்னால் நின்றிருந்தார். யாரும் ஒளியச் சொல்லவில்லை. கால்களே பழக்கத்தில் அங்கே போயிருந்தன. பென்ஷனுக்கு இன்னும் மூன்று வருஷம் இருந்தது. நகரப் பார்த்தார், முடியவில்லை.

அண்ணி திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "அவர் அங்கயே நிக்கட்டும்பா. நீ எடு."

பல்பு பளிச்சென்று அடித்தது. பெட்டி மூடியைத் தூக்கி வந்த தச்சர், ஜெபசீலனைக் கொஞ்சம் வழிவிடச் சொன்னார்.