எட்டுப் பக்க மழை

கண்ணாடிக்காரர் நாற்பது வருடம் ஊருக்கே கண்ணாடி மாட்டியவர். அவர் கடைக்குள் தட்டுத்தடுமாறி நுழைந்தவர்கள் எறும்பின் மீசையை எண்ணியபடி வெளியே வந்தார்கள் என்று பேச்சு. அப்படிப்பட்டவருக்கு இரண்டு கண்ணிலும் புரை ஆபரேஷன் முடிந்து, தன் கண்ணாடிக்கே நாலு வாரம் காத்திருக்கும்படி ஆயிற்று.

மகள் வீட்டுக்கு வந்தார். பெட்டியில் நான்கு சட்டை, ஒரு நாவல். விக்டோரியா மகாராணி காலத்து ஆங்கிலேயர் எழுதியதன் தமிழாக்கம். தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு பக்கம். மடியில் வைத்தால் கால் மரத்துப்போகும். கடையை மூடியபின் படிக்கலாமென்று பதினைந்து வருடம் பொத்திவைத்திருந்தார்.

"நான் வாசிக்கிறேன் சம்பந்தி," என்றார் மகளின் மாமனார், லிப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர்.

கல்யாணமான ஏழு வருடத்தில் இருவரும் "சௌக்கியமா", "சௌக்கியம்" என்பதற்கு மேல் ஒரு சொல் செலவழித்ததில்லை. நாவல் அதைத் தலைகீழாக்கியது. மாலை நான்கு அடித்தால் இரண்டு நாற்காலிகளும் தாமாகவே ஜன்னலோரம் நடந்துபோகும்.

"அந்த வக்கீல் திருட்டுப் பயதானே சம்பந்தி?"

"பொறுங்க சம்பந்தி! இப்பத்தான் தொப்பியைக் கழட்டியிருக்கான்."

மெக்கானிக்குக்கு அறுபத்தாறு வயதில் ஒரு சிநேகிதன் கிடைத்திருந்தான். கெடுத்துக்கொள்ள மனமில்லை. ஆனால் அவர் தொழில்புத்தி அவரை விடவில்லை. ஏழாவது மாடிக்குப் பொத்தானை அழுத்தினால் ஏழாவதில்தான் நிற்க வேண்டும். நடுவில் நின்றால் அது பழுது. நாவலாசிரியரோ மாடிக்கு மாடி நின்றார். ஒரு நாற்காலிக்கு மூன்று பக்கம். ஒரு மழையை எட்டுப் பக்கம் பெய்யவிட்டிருந்தார். வாசித்தால் சட்டையைப் பிழிய வேண்டும். மெக்கானிக் சத்தமில்லாமல் தாண்டினார்.

அறுநூற்றுப் பதினொன்றாம் பக்கத்தில் மாட்டிக்கொண்டார்.

"'மகனே, நான்தான் உன் தகப்பன்' என்றார் குடை ரிப்பேர்காரர்," என்று வாசித்தார்.

கண்ணாடிக்காரர் நிமிர்ந்தார். "எந்தக் குடைக்காரர்?"

"அதான்... மழையில வருவாரே."

"எந்த மழை? நீங்க இதுவரைக்கும் ஒரு தூறல்கூடப் போடலையே!"

மெக்கானிக் புத்தகத்தை மூடினார். பொய் சொல்ல வாய் திறந்தார்; எதிரே கட்டு பிரித்த இரண்டு கண்களும் குழந்தைக் கண்களாகக் காத்திருந்தன.

"தாண்டிட்டேன் சம்பந்தி. மழையை."

"மழையை மட்டுமா?"

"நாற்காலி. சமையல்காரி சண்டை. அத்தை எழுதின கடிதாசுங்க... ஒரு பத்தொன்பது இருக்கும்."

சொட்டுமருந்தோடு வந்த மகள் வாசலிலேயே நின்றுவிட்டாள். இனி மறுபடியும் சௌக்கியமா, சௌக்கியம்தான் என்று மெக்கானிக்குக்குத் தோன்றியது.

"அந்த அத்தை," என்றார் கண்ணாடிக்காரர் மெல்ல, "பையனை வளர்த்தவங்க. நேத்து செத்துப்போனாங்க. எனக்கு ஒரு சொட்டு வரலை. ராத்திரி பூரா, நமக்கு ஏன் மனசு இப்படிக் கல்லாயிடுச்சுன்னு புரண்டேன். அவங்களை எனக்கு அறிமுகமே பண்ணலையேய்யா நீங்க!"

மெக்கானிக் புத்தகத்தை மறுபடி திறந்தார். முதல் பக்கத்துக்குத் திரும்பினார்.

அன்று மழை பெய்தது. குடைக்காரர் வந்தார். ஒவ்வொரு குடையையும் விரித்து, "எங்கே ஒழுகுது கண்ணு?" என்று நலம் விசாரித்தார். அதைக் கேட்டு கண்ணாடிக்காரர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. நாற்காலி வந்தது, அதில் உட்கார்ந்தவர்களின் மூன்று தலைமுறை வந்தது. அடுத்தடுத்த நாட்களில் அத்தையின் கடிதங்கள் வந்தன, ஒவ்வொன்றின் அடியிலும் "காலுறை ஈரமென்றால் மாற்று" என்று. ஏழாவது மாடி எங்கே போயிற்றென்று மெக்கானிக் கேட்கவேயில்லை.

பத்தாம் நாள் அத்தை மறுபடியும் படுக்கையில் விழுந்தாள். இரண்டு வரி வாசித்த மெக்கானிக் நின்றார்.

"என்ன, தாண்டுறீங்களா?"

"இல்ல சம்பந்தி. எழுத்து தெரியல."

"உங்களுக்குமா புரை?"

மெக்கானிக் மூக்கை உறிஞ்சினார். கண்ணாடிக்காரர் கையை நீட்டித் தடவி, நண்பரின் முழங்காலைக் கண்டுபிடித்துத் தட்டினார்.

"அவசரமில்ல சம்பந்தி. அத்தை மெதுவாவே போகட்டும்."