பதினேழாம் படுக்கை

மூட்டையின் முடிச்சை அவிழ்க்கும்போது பெரியவள் மூச்சை அடக்கிக்கொள்ளவில்லை. இந்த மூட்டைக்கு அது தேவைப்படாது. ஊருக்குள் இருக்கும் பழைய ஆஸ்பத்திரியிலிருந்து வருவதென்றால் ரத்தம், வாந்தி, மருந்துக் கறை எல்லாம் இருக்கும். சில நாள் சுருண்ட போர்வைக்குள் ஊசிகூடக் கிடக்கும். இதிலிருந்து சோப்பு வாசனைதான் வந்தது. போன வாரம் அவள் போட்ட மடிப்பு விரிப்புகளில் கலையாமல் இருந்தது.

"நாப்பது விரிப்பு. ஒண்ணுலகூட ஒரு முடி இல்ல" என்றாள்.

"படுத்தாத்தானே முடி உதிரும்." பக்கத்து மேஜைக்காரி சிரித்தாள். தடித்த கண்ணாடி போட்டிருப்பதால் சலவைக்கூடத்தில் அவளுக்கு சோடாபுட்டி என்றே பெயர். பெரியவளோடு ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். "அங்க வர்ற நோயாளிங்களுக்கு வேர்க்கக்கூட வேர்க்காது போல. தேவலோகத்து ஆளுங்க."

கொதிகலன் பக்கமிருந்து மேற்பார்வையாளர் வந்தார். சோடாபுட்டி சட்டென்று குனிந்து தலையணை உறைகளைப் பிரிக்கத் தொடங்கினாள்.

"துவைச்சு அனுப்புறதுதான் நம்ம வேலை. யாரு படுத்தா, யாரு எந்திரிச்சான்னு பாக்குறது இல்ல." அவர் பெரியவளிடம் குரலைத் தாழ்த்தினார். "உன்னை நிரந்தரமாக்குற கடிதம் என் மேஜைக்கு வந்துருச்சு. அடுத்த மாசம் முதல் தேதி. அதுவரைக்கும் வாயத் தொறக்காம இரு."

ஒன்பது வருடமாக அவள் காத்திருந்த கடிதம். அவள் தலையாட்டினாள். கறையில்லாத விரிப்புகளை அள்ளிக் கறையுள்ளவற்றோடு சேர்த்து இயந்திரத்துக்குள் திணித்தாள். அவை வந்தது ஊருக்கு வெளியே போன வருடம் திறந்த தனியார் மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரியிலிருந்து. அந்தக் கல்லூரியில்தான் அரசு ஒதுக்கீட்டில் அவள் தங்கைக்கு இடம் கிடைத்திருந்தது.

டயர் கடைக்கு மேலே இருந்தது அவர்களுடைய அறை. அம்மா போனபோது சின்னவளுக்குப் பன்னிரண்டு வயது. அதற்குப் பிறகு அந்த அறையில் இரண்டு பேர்தான். பெரியவள் வந்தபோது சின்னவள் தரையில் சேர்க்கைக் கடிதத்தையும் இன்னொரு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சனிக்கிழமை நாலு மணிக்குள்ள கையெழுத்துப் போடணும்க்கா. போட்டுட்டா மூணு வருஷத்துக்கு வேற எந்தக் காலேஜுக்கும் விண்ணப்பிக்க முடியாது."

"போட வேண்டியதுதானே. அதுல என்ன யோசனை?"

சின்னவள் இரண்டாவது தாளைத் தள்ளினாள். துறைமுக நகரத்தில் நூறு வருடமாக நடக்கும் அரசுக் கல்லூரியின் விதிமுறை அது. அங்கேதான் படிக்க வேண்டுமென்று பத்தாம் வகுப்பிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவள். இந்த முறை இரண்டு மதிப்பெண்ணில் தவறிப்போயிருந்தது.

"அந்த நகரத்துல ஒரு வருஷம் குடியிருந்தவங்களுக்குத் தனிப் பட்டியலாம். அதுல எனக்கு நிச்சயம் வந்துரும். ஆனா..." அவள் நிறுத்தினாள். "பாதுகாவலரும் அங்கேயே வேலை பார்த்து, குடியிருக்கணும்."

பாதுகாவலரான பெரியவள் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தாள். முழுக் குவளையையும் குடித்தாள்.

"அதே படிப்புதானே ரெண்டு இடத்துலயும்?" என்று கேட்டாள்.

"பாடம் அதேதான். அங்க ஒரு நாளைக்கு ரெண்டாயிரம் நோயாளி வர்றாங்களாம். இங்க எப்படின்னு தெரியல. உங்க கூடத்துக்குத்தானே அவங்க துணி வருது? நீ என்ன நெனைக்கிற?"

"துணியப் பாத்து என்னத்தச் சொல்றது? துணி துணிதான்" என்றாள் பெரியவள். அன்றைக்குச் சாப்பிடும்போது அவள் தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் மேற்பார்வையாளர் பத்துப் பெண்களைக் கொதிகலன் அறைக்குக் கூப்பிட்டார். "நாளைக்குப் புதுக் காலேஜோட அங்கீகாரத்துக்காக ஆய்வுக்குழு வருது. காலையில ஏழு மணிக்கு வேன். போய்ப் படுத்துக்கிட்டா போதும். ஒரு நாள் சம்பளம், மத்தியானச் சாப்பாடு."

"அட, படுக்குறதுக்குச் சம்பளமா? இத முன்னாடியே சொல்லியிருந்தா நான் ஏன் ஒம்பது வருஷம் நின்னேன்?" என்றாள் சோடாபுட்டி. எல்லோரும் சிரித்தார்கள். பெரியவள் மட்டும் பின்தங்கி நின்றாள்.

"சார், நாளைக்கு என் தங்கச்சி அங்க சேர வர்றா. நான் வரல."

"சேர்றது ஆபீஸ்ல. நீ படுக்கப்போறது வார்டுல. ரெண்டுக்கும் நடுவுல ஒரு மைதானமே இருக்கு." அவர் பேனாவால் பட்டியலைத் தட்டினார். "வராதவங்க பேரு மேல போகும். அந்தக் கடிதத்துல நான் கையெழுத்துப் போடணும், ஞாபகம் வச்சுக்க."

வீட்டில், நாளைக்குக் கூடுதல் வேலை என்று சொன்னாள். சான்றிதழ்களை நீயே கொண்டுபோய்க் கொடுத்துவிடு, மாலையில் பேசிக்கொள்வோம் என்றாள்.

"நாலு மணிக்குக் கையெழுத்து. மாலையில என்னத்தப் பேசுறது?" என்று கேட்டாள் சின்னவள். பெரியவள் பாயை விரித்தாள்.

வார்டில் சுவர்ப் பூச்சு வாசனை போகவில்லை. பெரியவளுக்குப் பதினேழாம் படுக்கை. நீல அங்கி கொடுத்தார்கள். கட்டில் காலில் ஓர் அட்டை தொங்கியது. அதில் யாரோ ஒருத்தியின் பெயரும் 'மூச்சுத் திணறல், மூன்று நாள்' என்ற வரியும் இருந்தன. பதினெட்டில் சோடாபுட்டி. அவளுக்கு மஞ்சள் காமாலை. கண்ணாடியைக் கழற்றச் சொல்லிவிட்டதால் எதிரே இருப்பது எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. இடது கையில் ஊசி குத்தாமலே பிளாஸ்திரி ஒட்டிவிட்டுப் போனாள் ஒரு செவிலிப் பெண்.

விரிப்பைத் தொட்டதும் பெரியவளுக்குத் தெரிந்தது, புதன்கிழமை அவள் தேய்த்து மடித்தது.

இரண்டு மணிக்குக் குழு வந்தது. கல்லூரி முதல்வர் முன்னால் நடந்தார். கூடவே நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்த, குழுவின் டாக்டர் அம்மாள், கையில் கோப்பு. அவர்களுக்குப் பின்னால் வெள்ளைக் கோட்டுப் போட்ட பிள்ளைகள் இருபது பேர். கோட்டு அன்று காலையில்தான் கொடுத்திருக்க வேண்டும், கைகளில் மடிப்புக்கோடு தெரிந்தது. சேர வந்த பிள்ளைகளுக்கும் கோட்டு மாட்டி வார்டில் நிறுத்துவார்கள் என்று மேற்பார்வையாளர் சொல்லவில்லை. மூன்றாவது வரிசையில் சின்னவள் நின்றாள்.

பெரியவள் போர்வையைக் கன்னம் வரை இழுத்தாள். அதற்குள் அந்த அம்மாள் கட்டிலருகே வந்துவிட்டார்.

"எத்தனை நாளா மூச்சுத் திணறுது?"

"மூணு... மூணு நாளா."

குரல் கேட்டதும் சின்னவளின் தலை நிமிர்ந்தது. அம்மாள் மாணவர்கள் பக்கம் திரும்பி, நிமிர்ந்து தெரிந்த அந்த முகத்தைக் கூப்பிட்டார். "நீ வாம்மா. முதல் வருஷமா? பரவாயில்ல. நாடி எண்ணத் தெரியுமா? விரல இங்க வை. அந்தக் கடிகாரத்தப் பாத்து ஒரு நிமிஷம் எண்ணு."

சின்னவள் குனிந்தாள். அவள் விரல்கள் சில்லென்று இருந்தன. அக்காவின் மணிக்கட்டில் சலவைக் காரம் அரித்த தோலின் மேல் அவை பதிந்தன. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. சின்னவள் கடிகாரத்தைப் பார்த்தாள், பெரியவள் கூரையைப் பார்த்தாள். பதினெட்டாம் படுக்கையில் மஞ்சள் காமாலை இருமியது.

"நூத்தி இருபத்தாறு" என்றாள் சின்னவள்.

அம்மாள் தானும் தொட்டுப் பார்த்தார். "சரியாத்தான் சொல்ற. மூச்சுத் திணறலுக்கு இது பொருந்துது." கோப்பில் ஒரு குறி போட்டார். முதல்வர் கைக்குட்டையை எடுத்து நெற்றியை ஒற்றிக்கொண்டார். குழு நகர்ந்தது.

மூன்றேகாலுக்குத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சின்னவள் நின்றுகொண்டிருந்தாள். கழிப்பறைக்கு என்று சொல்லிவிட்டுப் பெரியவள் நீல அங்கியோடு வந்தாள்.

"உனக்கு எப்பலேருந்து தெரியும்?"

"தொறந்ததுலேருந்து. துணி வரும்ல."

"நான் கேட்டேனே. துணி துணிதான்னியே."

"சொன்னா நீ கிளம்பிருவ. நீ கிளம்பினா நானும் கிளம்பணும்." பெரியவள் பிளாஸ்திரியைச் சுரண்டினாள். "அடுத்த மாசம் என்னை நிரந்தரம் பண்றாங்கடி. உனக்குச் சொல்லல. கையில வாங்கிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்."

சின்னவள் கோட்டுப் பையில் கைவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

"அப்போ நான் போய்க் கையெழுத்துப் போட்டுர்றேன்" என்றாள். "புத்தகத்துல எல்லாம் இருக்கும்க்கா. போகப் போக நோயாளி வருவாங்க. புது ஆஸ்பத்திரின்னா அப்படித்தான் இருக்கும். நீ போய்ப் படு, தேடப் போறாங்க."

"நில்லு."

"நேரமாச்சு."

"நில்லுன்னேன்ல! உள்ள எண்ணுனியே, தப்பாவா எண்ணுன?"

"சரியாத்தான் எண்ணுனேன்."

"ஆமா. பயத்துல அடிச்சுக்கிச்சு. அத வச்சு எனக்கு நோய்னு எழுதிக்கிட்டுப் போறாங்க. அந்தம்மாவுக்கே தெரியல. நீ அஞ்சு வருஷம் இங்க இருந்தா உனக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

"அங்க போயும் கிடைக்கலன்னா?" சின்னவளின் குரல் உடைந்தது. "இதுவும் போயி, உன் வேலையும் போயி... என்னால அதச் சுமக்க முடியாதுக்கா."

"அத அப்புறம் பாப்போம். சான்றிதழ் எங்க?"

"ஆபீஸ்ல கொடுத்துட்டேன்."

மைதானத்தைக் குறுக்காகக் கடந்தார்கள். பெரியவள் வெறுங்காலோடு நடந்தாள், செருப்பைக் கட்டிலடியில் விட்டிருந்தாள். அலுவலகத்தில் எழுத்தர் அங்கியை மேலும் கீழும் பார்த்தார்.

"நோயாளிங்க இங்க வரக் கூடாது."

"நான் இவ அக்கா. சான்றிதழத் திருப்பிக் கொடுங்க."

"கையெழுத்துப் போடாமத் திருப்பி வாங்கினா இந்த இடம் போயிரும். நாலு மணிக்கு அடுத்த ஆளக் கூப்பிட்டுருவோம்." எழுத்தர் சின்னவளைப் பார்த்தார். "யோசிச்சுத்தான் கேக்குறியா?"

சுவர்க் கடிகாரத்தில் மூன்று நாற்பத்தெட்டு. சின்னவள் பதில் சொல்வதற்குள் மேற்பார்வையாளர் மூச்சிரைக்க உள்ளே வந்தார்.

"இங்க என்ன பண்ற? பதினேழு காலியா கிடக்கு! ரெண்டாவது சுத்து வர்றாங்க. ஓடு!"

பெரியவள் நகரவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"கடிதம் வேணுமா வேணாமா?" அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"யோசிச்சுத்தான் கேக்குறேன்" என்றாள் சின்னவள் எழுத்தரிடம். "கொடுங்க."

எழுத்தர் ஒரு படிவத்தை நீட்டினார். காரணம் என்ற இடத்தில் 'சொந்தக் காரணம்' என்று அவரே சொல்லி எழுத வைத்தார்.

திங்கட்கிழமை சலவைக்கூடத்து வாசலில் பெரியவளின் பெயர் அட்டை இல்லை. ஒன்பது வருடம் வேலை பார்த்தேன் என்று ஒரு தாளாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டாள். நிரந்தரம் ஆகாதவர்களுக்குத் தாள் கிடையாது என்றார் மேற்பார்வையாளர். ஊரை விட்டுக் கிளம்பிய அன்று சோடாபுட்டி பேருந்து நிலையம் வரை மூட்டையைச் சுமந்து வந்தாள். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தவள் பேருந்து கிளம்பியதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

துறைமுக நகரத்தில் அறை கிடைக்க மூன்று நாளாயிற்று. வேலை அதைவிடச் சீக்கிரம் கிடைத்தது. சின்னவள் விரும்பிய அதே கல்லூரி ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் ஆள் தேவைப்பட்டது. புதிதாக வந்தவள் என்பதால் பெரியவளைக் கழுவும் தொட்டியில் விட்டார்கள். சின்னவள் மருந்துக்கடை ஒன்றில் பெட்டிகளை அடுக்கினாள். இரண்டாவது வாரம் சோடாபுட்டி போன் செய்தாள்: புதுக் கல்லூரிக்கு அங்கீகாரம் கிடைத்துவிட்டது, கூடவே ஐம்பது இடமும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள்.

அந்த வாரமே இருவரும் வசிப்புச் சான்று அலுவலகத்துக்குப் போனார்கள். இரண்டு மணி நேரம் வரிசையில் நின்ற பிறகு ஜன்னலுக்கு வந்தார்கள். உள்ளே இருந்தவர் படிவத்தைப் புரட்டினார்.

"பாதுகாவலர் நீங்களா? முன்ன வேலை பார்த்த சான்று இருக்கா?"

"ஒம்பது வருஷம் பார்த்தேங்க. இதே வேலை."

"வருஷத்தக் கேக்கல, சான்று இருக்கான்னு கேக்குறேன். இருந்தா நீங்க இங்க சேர்ந்த நாள்லேருந்து எடுத்துக்கலாம். இல்லன்னா மூணு மாசம் தகுதிகாண் காலம். அது முடிஞ்ச பிறகுதான் குடியிருந்த கணக்கு ஆரம்பிக்கும்."

சின்னவள் அந்த மூன்று மாதத்தை விட்டுவிட்டு, கட்டைவிரலால் விரல்கணுக்களைத் தொட்டு மீதி மாதங்களை எண்ணினாள். அடுத்த வருட விண்ணப்பம் முடியும் மாதத்துக்கு வந்தபோது கட்டைவிரல் ஒன்பதாவது கணுவில் நின்றது. மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். அங்கேயேதான் நின்றது.

"பன்னெண்டு வரலைல்ல?" என்று மெல்லக் கேட்டாள் பெரியவள்.

"அதுக்கு அடுத்த வருஷம்தான்க்கா."

"சான்று இருக்கா, இல்லையா? பின்னால ஆள் நிக்குது."

"இல்லைங்க" என்றாள் பெரியவள்.

அவர் அளவுகோலை எடுத்து, 'முன்பணி ஆண்டுகள்' என்ற கட்டத்தின் குறுக்கே வைத்து, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் நேராக ஒரு கோடு இழுத்தார்.