ஐம்பத்தாறாம் நாள் இழைகள்

கடல்நீரில் கரைந்திருக்கும் யுரேனியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் சேர்மங்களைத் தயாரித்து, அவற்றை நெகிழி இழைகளில் ஏற்றுவது அவளுடைய வேலை. ஏழு வருடமாக அந்த இழைகள் யுரேனியத்தை விட்டுவிட்டு வனேடியம் என்ற வேண்டாத உலோகத்தையே அள்ளிக்கொண்டு வந்தன. புதிய சேர்மம் கைவிடாது என்று மலைபோல் நம்பியிருந்தாள்.

இழைகளைச் சடையாகப் பின்னிக் கொடுத்தால், அவற்றைக் கடலடியில் கட்டுவதும் அவிழ்த்து வருவதும் அவள் தம்பி. முக்குளிப்பதுதான் அவன் பிழைப்பு.

"ஒரு டன் தண்ணிக்கு மூணு மில்லிகிராம். இதுக்கு ஏழு வருஷம்! உன் பொறுமைக்குச் சிலைதான் வைக்கணும்க்கா" என்று சீண்டுவான்.

கடலில் கட்டிய ஐம்பத்தாறாம் நாள் சடைகளை எடுத்தாக வேண்டும். அன்று பார்த்துப் படகுத்துறையில், யாரும் கடலில் இறங்கக் கூடாது என்று சிவப்புக் கொடி ஏற்றியிருந்தார்கள். ஒருநாள் தள்ளினாலும் சோதனை வீண் என்றார் ஆய்வகத் தலைவர். அவள்தான் தம்பிக்குப் போன் செய்தாள்.

"அடியில இழுப்பு ஜாஸ்திக்கா. நாளைக்குப் பார்த்துக்கலாமே."

"பத்து நிமிஷ வேலைடா. எனக்காக."

"நீ இப்படிச் சொல்லிட்டா அப்புறம் என்ன பேச்சு? போறேன்."

நீரோட்டம் சடைகளை அவனுடைய காற்றுக்குழாயில் சுற்றி இறுக்கிவிட்டது. படகுக்காரர் குதித்து, கத்தியால் அறுத்து மேலே கொண்டுவந்தபோது உயிர் இல்லை.

நான்காம் நாள் அறுந்த சடைகளைத் தலைவர் அவள் மேசையில் வைத்தார். "இது ஒண்ணுதாம்மா இருக்கு. உன்னை விட்டா யார் செய்வா?"

செய்தாள். நன்னீரில் அலசி, அமிலத்தில் ஊறவைத்து, அளக்கும் கருவியில் கொடுத்தாள். இதுவரை வந்ததைவிட மூன்று மடங்கு யுரேனியம். வனேடியம் பேருக்குக் கொஞ்சம். தலைவர் கைதட்டினார். அவள் கருவியை அணைத்துவிட்டு வெளியே போனாள்.

ஆய்வகம் கொடுத்த விபத்து அறிக்கையில், யாரும் சொல்லாமல் அவனாகவே இறங்கினான் என்று இருந்தது. அதைப் படித்துவிட்டு நேரே தம்பி வீட்டுக்குப் போனாள். தம்பி மனைவி கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"கொடி ஏறியிருந்தா அவர் எறங்கவே மாட்டார் அண்ணி. யார் போகச் சொன்னது?"

"நான்தான்."

தம்பி மனைவி அழவில்லை. "இனிமே இந்த வாசப்படி ஏறாதீங்க" என்றாள்.

மறுநாள் விசாரணை அதிகாரியிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதிக் கொடுத்தாள், தலைவர் சொன்னதையும் சேர்த்து. தலைவரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அவளுக்கு வேலை போயிற்று. சேர்மத்தின் சோதனை நின்றுவிடவில்லை, அடுத்த மாதமே புதிய சடைகளோடு வேறொருவர் கடலில் இறங்கினார்.

இப்போது அவள் ஒரு சாயப்பட்டறையில் கழிவுநீரைச் சோதிக்கிறாள். தம்பி வீட்டிலிருந்து யாரும் அவளோடு பேசுவதில்லை.