யார் பூட்டு?

இரும்பு வெட்டும் கத்தரியின் கைப்பிடிகளை நெஞ்சோடு சேர்த்து நெருக்கினான் யூரெக். சிவப்புப் பூட்டு அறுந்து சிமெண்டுத் தரையில் உருண்டது. அதோடு கட்டியிருந்த அட்டையில் தங்கை டனூட்டாவின் படம் சிரித்தது. கீழே, 'அப்ரண்டிஸ், நான்காம் வருடம்.'

நிலவறையின் மின்பெட்டியைத் திறந்து, அப்பா அறைக்கான சுவிட்சைப் போட்டான்.

ஆக்ஸிஜன் மெஷினுக்காக அப்பாவின் கட்டிலருகே புது பிளக் பாயிண்ட் வைக்கிறாள் டனூட்டா. பாதியில் நிறுத்தி, யாரும் கரண்ட் போட்டுவிடாதபடி பெட்டிக்குப் பூட்டுப் போட்டுவிட்டு வேலைக்குப் போயிருந்தாள். அதுவரை மெஷின், கூடத்திலிருந்து இழுத்த ஒயரில் ஓடியது. வெளியே சிகாகோவின் பனி கொட்டியது. ஜன்னலில் வெளிச்சமே இல்லை.

"இருட்டா இருக்குடா. டனூட்டா எப்ப வருவா?" காலையிலிருந்து அப்பாவுக்கு இதே கேள்வி.

"அவதான் வரணுமா? நான் போடறேன்" என்று இறங்கி வந்திருந்தான்.

அப்பா ஆயுள் முழுக்க யூனியன் எலக்ட்ரீஷியன். யூனியன் பயிற்சிக்கான நேர்முகத்துக்கு யூரெக் இரண்டு முறை போனான். இரண்டு முறையும் வெறுங்கையோடு திரும்பினான். தங்கைக்கு முதல் தடவையிலேயே கதவு திறந்தது. "வேலையும் கத்துத் தர்றான், சம்பளமும் தர்றான். எந்த காலேஜ்ல தருவான்?" என்று தெருவெல்லாம் சொல்லி மகிழ்ந்தார் அப்பா. ரொட்டி வண்டி ஓட்டும் மகனைப் பற்றிக் கேட்டால், "அவனுக்கென்ன, வீட்ல ரொட்டிக்குப் பஞ்சமில்லே" என்பார். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

மேலே வந்தபோது விளக்கு எரிந்தது. அப்பாவின் முகத்தில் வெளிச்சம் இல்லை.

"பூட்டு இருந்துச்சே. யாருடா எடுத்தது?"

யூரெக் கட்டிலின் கால்மாட்டுக்கு நகர்ந்தான். அடுத்தவன் பூட்டைத் தொட்ட கூட்டாளி ஒருவனை, அப்பா அதன்பின் வீட்டுப்படி ஏறவிட்டதில்லை. பூட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் உயிர் இருக்கிறது என்பார்.

வாசல் கதவு திறந்தது. பனி ஒட்டிய பூட்ஸோடு அறை வாசலில் நின்ற டனூட்டா விளக்கைப் பார்த்தாள். பிறகு, சுவரில் மூடாமல் நீட்டிக்கொண்டிருந்த செப்புக் கம்பிகளை. அப்பாவின் விரல்கள் அதற்கு ஒரு சாண் தள்ளிக் கிடந்தன. அந்தக் கையை மெல்ல எடுத்து அவர் மார்பின்மேல் வைத்துவிட்டுக் கீழே ஓடினாள். விளக்கு அணைந்தது.

திரும்பி வந்தவளிடமும் அதே கேள்வி. "பூட்டை யாரு எடுத்தது?"

"நான்தாம்ப்பா. என் பூட்டு, பின்பக்கமா வந்து நானே எடுத்தேன்."

"கரண்ட் போடறதுக்கு முன்னாடி ஒரு சத்தம் குடுக்க மாட்டியா, கழுதை? நாலு வருஷமா என்னத்தைக் கத்துக்கிட்டே?"

"மறந்துட்டேம்ப்பா."

"மறந்தாளாம்" என்றவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தத் திட்டும் அவளுக்கே போயிற்று. கால்மாட்டில் நின்ற யூரெக்கை அவர் பார்க்கவில்லை. நாள் கணக்கில் இழுத்துக்கொண்டிருந்த மூச்சு, பொழுது சாய்வதற்குள் நின்றது. கை அப்போதும் அவளிடம்தான் இருந்தது.

வெகுநேரம் கழித்து எழுந்தாள். "ஆளுங்க வருவாங்க. கம்பி இன்னும் மூடலே, மறுபடி பூட்டணும். உன்கிட்ட பூட்டு இருக்கா?"

"ரொட்டி வண்டிப் பூட்டுதான்."

"போதும்."

நிலவறையில் அவள் டார்ச் அடிக்க, அவன் பூட்டினான்.

"என் பழியைச் சுமக்கச் சொல்லி உன்னை யாரு கேட்டது?"

அவள் டார்ச்சைத் திருப்பிக்கொண்டு படியேறினாள். சாவிக்குக் கை நீட்டவில்லை.

தங்கள் வேலை முடிந்த கையோடு யூனியன் ஆட்கள் வந்தார்கள். கனத்த சட்டைகளோடு, யூனியன் வழக்கப்படி "சிஸ்டர், சிஸ்டர்" என்று அவளைக் கட்டிக்கொண்டார்கள். யூரெக் சுவரோரம் ஒதுங்கினான். முன்னால் போன பருத்த மனிதர் அப்பாவின் அறைச் சுவரில் சுவிட்சைத் தட்டிப் பார்த்தார்.

"லைட் எரியலையே, சிஸ்டர்?"

"கீழே பூட்டியிருக்கு, பிரதர்."

"யார் பூட்டு?"

அவள் முகவாயால் அண்ணனைக் காட்டினாள். "அவனுது."

சுவிட்சிலிருந்து கையை எடுத்தார். யூரெக்கைப் பார்த்து ஒருமுறை தலையசைத்தார். பிறகு குல்லாயைக் கழற்றிக்கொண்டு, இருட்டுக்குள் கட்டிலைத் தடவிப் பார்த்தபடி நடந்தார். மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராக உள்ளே போனார்கள்.