வயிற்றை இழுத்துக்கொண்டு நின்ற டீச்சர்

டீச்சர் கடைக்குள் நுழைந்ததும் தையல்காரியின் மகள் துணி வெட்டும் மேஜைக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். எட்டு வயது. வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். குளிக்கும்போதுகூட வாய் ஓயாது. வாசற்படியைத் தாண்டினால் யாரோ சுவிட்சை அணைத்தது போலாகிவிடும். பள்ளிக்கூடத்தில் மூன்று வருடமாக ஒரு சொல் பேசியதில்லை. பாத்ரூம் போகணும் என்று கேட்க முடியாமல் பாவாடையை நனைத்துக்கொண்டு வந்த நாட்கள் உண்டு. வகுப்புக் கதவில் விரல் நசுங்கியபோதும் சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் அழுதாள். சொந்தக்காரர்கள் திமிர் என்றார்கள், செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய் என்றார்கள். டாக்டர் ஒருவர்தான், அவள் பேச மறுக்கவில்லை, பயத்தில் தொண்டை பூட்டிக்கொள்கிறது என்று எடுத்துச் சொன்னார். கூடவே இரண்டு கட்டளைகளும் போட்டார். பேசச் சொல்லிக் கெஞ்சக் கூடாது. என்றைக்காவது பேசிவிட்டால் ஆர்ப்பாட்டம் பண்ணக் கூடாது. டீச்சருக்கும் அதையே எழுதிக் கொடுத்திருந்தார்.

அடுத்த மாதம் வாசிப்புத் தேர்வு. வாய்விட்டுப் படிக்காவிட்டால் மறுபடி அதே வகுப்புதான். பெரிய டீச்சரிடம் மன்றாடி அவகாசம் வாங்கித் தந்தது இந்த டீச்சர்தான். அதனாலேயே அவருடைய நீலச் சட்டையைத் தையல்காரி பார்த்துப் பார்த்துத் தைத்திருந்தாள்.

திரைக்குப் பின்னால் போய்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார் டீச்சர். இடுப்பில் பட்டன் ஒரு பக்கம், காஜா ஒரு பக்கம்.

"அளவு தப்பிருச்சு போலிருக்கே" என்றார் தயக்கத்தோடு.

தையல்காரி நோட்டைப் புரட்டினாள். எழுதிய அளவுக்குத்தான் தைத்திருந்தாள். பன்னிரண்டு வருடத் தொழிலில் அவள் டேப் பொய் சொன்னதில்லை. ஆனால் மகளுக்காக மன்றாடியவரிடம் போய் நோட்டை நீட்டுவதா? மானத்தை விழுங்கிக்கொண்டு, தன் தப்புதான், பிரித்துத் தைத்துத் தருகிறேன் என்றாள்.

"அம்மா தப்பு இல்ல."

மேஜைக்கடியிலிருந்து வந்தது குரல்.

"நீங்கதான் அளவு எடுத்த அன்னைக்கு வயித்த உள்ள இழுத்துக்கிட்டு நின்னீங்க."

ஓடிப்போய் மகளை அள்ளிக்கொள்ளத் துடித்த கால்களைத் தையல்காரி தரையில் ஊன்றிக்கொண்டாள். கையிலிருந்த சாக்பீஸையே மேஜை முழுக்கத் தேடினாள். டீச்சரின் முகம் சிவந்தது, உதடு துடித்தது. இருமுவதுபோல் இரண்டு தடவை தொண்டையைச் சரிசெய்துகொண்டார். பிறகு, தினமும் பேசிக்கொள்கிறவர்கள் மாதிரி, மேஜைப் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"ஆமா, இழுத்துக்கிட்டுத்தான் நின்னேன். திருப்பி எடுத்துரலாமா?"

தையல்காரி அவசரமாக டேப்பை எடுத்தாள், அது கைநழுவிக் கீழே விழுந்தது. மகள் தவழ்ந்து வெளியே வந்து அதை எடுத்தாள். எத்தனையோ தடவை பார்த்த வேலைதானே. டீச்சரின் இடுப்பைச் சுற்றி டேப்பைக் கொண்டுவந்து, எண்ணின் மேல் கட்டைவிரலை வைத்தாள். டீச்சர் மூச்சை முழுக்க வெளியே விட்டார். அதற்குமேல் அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. சத்தம் வராமல் வயிறு குலுங்கத் தொடங்கியது. எண் விரலுக்கடியில் நிற்காமல் முன்னும் பின்னும் ஓடியது.

"ஆடாதீங்க டீச்சர்" என்றாள் சிறுமி கண்டிப்பாக. டேப்பை விடாமல், எண் நிற்கட்டும் என்று காத்துக்கொண்டிருந்தாள்.